இது சாட்சியா, சுயசரிதையா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில், பெரிய வியாதியிலிருந்து மீண்ட ஒரு அண்ணன் சாட்சி சொன்னார், அதாவது கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் எழுந்து சொன்னார். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆராதனையில் இருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இந்நேரம் வீடியோ வந்திருக்கும். அந்த அண்ணனுக்கு உடம்பு தேறியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பொறாமை" என்ற வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் காத்திருப்பீர்கள்.

சாட்சி சொல்ல எழுந்தவர் என்ன சொன்னார்? நான் விடவில்லை. நான் உபவாசம் இருந்தேன். நான் போராடி ஜெபித்தேன். என் விசுவாசத்தைப் பார்த்து கர்த்தரால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, கடிதத்தின் அடியில் "இப்படிக்கு" போடுவது மாதிரி, "எல்லா மகிமையும் தேவனுக்கே" என்று ஒரு வரி. அவ்வளவு பேச்சிலும் கர்த்தருக்குக் கிடைத்த வேலை, இவருடைய விசுவாசத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது மட்டும்தான். இரவெல்லாம் முறைவைத்துச் சங்கிலி ஜெபம் செய்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. போகட்டும், நாங்கள் பேருக்காகச் செய்யவில்லை.

நன்றி கெட்டவர்கள் என்றதும் பைபிளில் லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் வரும் குஷ்டரோகிகளைத்தான் சொல்வோம். இயேசுவால் பத்துப் பேர் சுத்தமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். என்னைக் கேட்டால் அந்த ஒன்பது பேர் பரவாயில்லை. பேசாமல் போனார்கள். அடுத்த அதிகாரத்தில் ஒரு பரிசேயன், மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன், வருகிறான் பாருங்கள், அவன் ஜெபம் நன்றியில்தான் ஆரம்பிக்கிறது. உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். எதற்கு ஸ்தோத்திரம்? தான் மற்றவர்களைப் போல இல்லாததற்கு, வாரத்தில் இரண்டு முறை உபவாசம் இருப்பதற்கு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுப்பதற்கு. நன்றி சொல்லிக்கொண்டே நன்றி கெட்டுப்போக முடியும். ஞாயிற்றுக்கிழமை நாம் கைதட்டியது அதற்குத்தான்.

"அவ்வளவு பெரிய வியாதியிலிருந்து மீண்டவர், உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருப்பார்" என்பீர்கள். சரி. பைபிளில் வரும் யூதா தேசத்து எசேக்கியா ராஜாவும் அப்படி மீண்டவர்தான். சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார், ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அப்புறம் பாபிலோனிலிருந்து விசாரிக்க ஆள் வந்தபோது என்ன செய்தார்? வெள்ளி, பொன், வாசனைத் திரவியம், ஆயுதசாலை என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். தனக்குச் செய்யப்பட்ட உபகாரத்துக்குத் தக்கபடி நடக்காமல் மனமேட்டிமையானார் என்று 2 நாளாகமம் 32 சொல்கிறது. அவருக்கே அப்படி என்றால் நாமெல்லாம் எந்த மூலை?

"கடவுளுக்கு நம் நன்றி தேவையா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். தேவையில்லை. நமக்குத்தான் தேவை. அடுத்து.

என்னை உறுத்துவது வேறு. விசுவாசம் இருந்ததால் குணமானது என்று மேடையில் நின்று சொல்லும்போது, குணமாகாதவர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா கடைசிவரை குணமாகவில்லை. வலி தாங்காமல் முனகும் இரவுகளிலும், கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் "ஸ்தோத்திரம் ஆண்டவரே, தூங்க வைத்தீர்" என்பார். அந்தக் கொஞ்சத் தூக்கத்துக்கு! அடக்கம் முடிந்த அன்று வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருக்கலாம் என்று என் காதுபடச் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை, காபி கொடுத்து அனுப்பினேன். இப்போது பேசுகிறேன். அம்மாவின் விசுவாசத்தை நீங்கள் எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? கிருபை, தகுதி பார்க்காமல் கிடைத்த ஈவு என்று வாய் நிறையப் பாடிவிட்டு, அதையே உழைத்து வாங்கிய சம்பளம் போல எடுத்துக் காட்டுகிறீர்களே, அப்போது கிடைக்காதவர்கள் எல்லாம் சோம்பேறிகளா?

"நீ மட்டும் ரொம்பத் தாழ்மையோ?" என்பவர்களுக்கு: இல்லை. ஆனால் நான் மைக் பிடிக்கவில்லை.

சாட்சியைக் குறை சொன்னால் பரிசுத்த ஆவியானவர் துக்கப்படுவார் என்று ஒரு அக்கா காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார். துக்கப்பட வேண்டியது ஞாயிற்றுக்கிழமையே நடந்துவிட்டது அக்கா. இந்தப் பதிவை அந்த அண்ணனுக்கு அனுப்பப் போகிறவர்கள் முழுசாக அனுப்புங்கள். நடுவில் இரண்டு வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள்.