அவிழ்க்கத் தெரியாதவன் கயித்தைத் தொடாதே!

"அண்ணே, உங்க கயிறு சரியில்ல. முடிச்சு இறுகிப் போச்சு, அதான் அறுத்துட்டேன்."

இதைச் சொல்லிட்டு, எங்க கூட முகாமுக்கு வந்த ஒருத்தன் அவன் பாட்டுக்குப் பல் விளக்கப் போயிட்டான். ஏற்காட்டுல, காப்பித் தோட்டத்துக்குள்ள, ராத்திரி பூரா நனைஞ்ச துணியோட நான் நிக்கிறேன். கையில என்னோட 5 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு, துண்டு துண்டா. அறுத்திருக்கான்யா! கத்தியை வெச்சு! முடிச்சை அவிழ்க்கத் தெரியலைன்னா பக்கத்துக் கூடாரத்துல படுத்திருக்கிற என்னை எழுப்ப வாய் இல்லையா?

இதே கொடுமையை அனுபவிச்சவங்க உங்கள்லயும் நிறையப் பேரு இருப்பீங்க, தெரியும். உங்க கூட்டத்துலயும் ஒருத்தன் இருப்பான். இடுப்புல கேரபினரா (மலையேறுறவங்க மாட்டுற உலோகக் கொக்கி) தொங்கவிட்டுக்கிட்டு வருவான். கயித்தை முடிச்சு போடாம இழுத்துப் பிடிக்கிற அலுமினிய டென்ஷனர், பிளாஸ்டிக் கொக்கி, இருட்டுல மின்னுற கயிறுன்னு ஒரு பை நிறைய வெச்சிருப்பான். ஒரு முடிச்சு போடச் சொன்னா மட்டும் முழிப்பான்.

நடந்ததைக் கேளுங்க. சாயங்காலம் வெளிச்சம் இருக்கிறப்பவே தார்ப்பாயைக் கட்டி முடிச்சிட்டேன். ரெண்டு சில்வர் ஓக் மரம். மிளகுக் கொடி ஏறாத மரமாப் பார்த்து, பட்டை உரசக்கூடாதுன்னு சாக்கு சுத்தி, அதுக்கு மேல கயிறு. ஒரு முனையில பௌலைன்னு சொல்ற இறுகாத வளைய முடிச்சு. இன்னொரு முனையில லாரிக்குப் படுதா கட்டுறவங்க போடுற கட்டு. கயித்துக்கு நடுவுல ஒரு சுருக்கு வளையம், முனையை மரத்தைச் சுத்திக் கொண்டாந்து அந்த வளையத்துக்குள்ள விட்டு இழுக்கணும். கணக்குப்படி மூணு மடங்கு இழுவை. கயிறும் கயிறும் உரசுறதுல அதுல நிறையப் போயிடும், ஆனாலும் தட்டுனா டங்குன்னு சத்தம் வர்ற அளவுக்கு விறைப்பா நிக்கும். கடைசியில உருவு முடிச்சு. காலையில முனையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா மொத்தமும் அவிழ்ந்து கையில வந்துடும். தார்ப்பாயோட ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க 3 மில்லிமீட்டர் கயித்துல புருசிக் சுருக்கு. 1931-ல கார்ல் புருசிக்னு ஒரு ஆஸ்திரிய மலையேறி அறிமுகப்படுத்துன முடிச்சு அது. மெல்லிசுக் கயித்தைத் தடிமனான கயித்து மேல மூணு சுத்து சுத்துறது, அவ்வளவுதான் விஷயம். கையால தள்ளுனா நகரும். பாரம் ஏறுனா கடிச்சுப் பிடிச்சுக்கும். இதுல உடைய என்ன இருக்கு? தொலைய என்ன இருக்கு?

சமையலுக்குத் தண்ணி எடுக்கப் போயிட்டு வர்றேன், என் கயிறு ஒரு ஓரமா சுருட்டிக் கிடக்கு. அத்தனையையும் அவிழ்த்து எறிஞ்சிட்டான்! (அப்ப அவிழ்க்க முடிஞ்சுதில்ல? நான் போட்ட முடிச்சுங்கிறதால அவிழ்ந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.) அதுக்குப் பதிலா 2 மில்லிமீட்டர் நைலான் கயிறு. ரெண்டு பக்கமும் பளபளன்னு டென்ஷனர். "அண்ணே, இப்பெல்லாம் எல்லாரும் இதான் யூஸ் பண்றாங்க. முடிச்செல்லாம் பழைய காலம்." அதுக்குள்ள தூறல் ஆரம்பிச்சிருச்சு, இருட்டிருச்சு, மத்தவங்க சாமானையெல்லாம் அடியில கொண்டாந்து வெச்சிட்டாங்க. மறுபடி பிரிச்சுக் கட்ட நேரமில்ல.

அந்த டென்ஷனரை எடுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பல்லுப் பல்லா வெட்டியிருக்கிற அந்தப் பள்ளம் 4 மில்லிமீட்டர் கயித்துக்குச் செஞ்சது. அதுக்குள்ள 2 மில்லிமீட்டரை விட்டா அது எதைப் பிடிக்கும்? டென்ஷனரை ஒரு இடத்துலயும் கயித்தை வேற இடத்துலயும் வாங்கியிருக்கான். ரெண்டும் பொருந்துமான்னு பார்க்கல. இதைத்தான் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரு காதுலயும் ஏறல. "நீங்க சும்மா டென்ஷன் ஆகாதீங்கண்ணே."

மழை வலுத்துச்சு. நைலான் நனைஞ்சா நீளும். நீண்டா தொய்யும். தொய்ஞ்ச இடத்துல தண்ணி தேங்கும். ஒரு சதுர மீட்டர்ல 5 சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே 50 லிட்டர், அதாவது 50 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கித் தார்ப்பாய் நடுவுல வெச்ச பாரம். அந்தப் பாரத்துல டென்ஷனர் கொஞ்சம் கொஞ்சமா வழுக்குது, இன்னும் தொய்யுது, இன்னும் தேங்குது. கடைசியில தார்ப்பாய் ஓரத்துல கயிறு மாட்டுற ஐலெட் வளையம் பிய்ஞ்சு, மொத்தத் தண்ணியும் அடுப்பு, அரிசி, எல்லாரோட பை மேலயும் கொட்டுச்சு. அர்த்தராத்திரி. இவன் என்ன பண்றான்? தெறிச்சு விழுந்த டென்ஷனரைக் காப்பிச் சருகுக்குள்ள டார்ச் அடிச்சுத் தேடுறான்! தார்ப்பாய் காத்துல படபடன்னு அடிச்சுக்குது, மத்தவங்க சாமானைத் தூக்கிட்டு ஓடுறாங்க, இவனுக்கு விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியத் துண்டுதான் பெருசு. அது இல்லாம அவனால ஒண்ணும் பண்ண முடியாது, அதான் காரணம். சாமான்லதான் மொத்த அறிவும் இருக்கு. அது சருகுக்குள்ள விழுந்தா அறிவும் சருகுக்குள்ள விழுந்துடுது.

நான் இந்தப் பக்கம் அரிசி மூட்டையைக் காப்பாத்திக்கிட்டு இருக்கிறப்ப, ஓரமாக் கிடந்த என் கயித்தை எடுத்து அவனே கட்டியிருக்கான். எப்படி? ஒண்ணு மேல ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணு, ஏனோதானோன்னு ஒரு உருண்டை. வலது மேல இடது போட்டா அடுத்தது இடது மேல வலது போடணும். பள்ளிக்கூடத்துல சாரணர் படைக்குப் போன பொடிப்பயலுக்குக் கூட இது தெரியும். ரெண்டு தடவையும் ஒரே பக்கம் போட்டா, அது வழுக்கவும் செய்யும், ஈரத்துல இறுகவும் செய்யும். பௌலைன் எத்தனை பாரம் தாங்குனாலும் முடிச்சோட முதுகை மடக்கித் தள்ளுனா இளகிக் கொடுக்கும். இந்த உருண்டையை யானை இழுத்தாலும் பிரிக்க முடியாது. காலையில அறுத்தான். கேட்டா என் கயிறு சரியில்லையாம்!

சங்ககிரி, நாமக்கல் பக்கம் போய்ப் பாருங்கய்யா. லாரி மேல ஏறி நின்னு படுதா கட்டுற கிளீனர் பையன் கையில எந்த டென்ஷனரும் கிடையாது. ஒரு கயிறு, ரெண்டு கை. அந்தப் படுதா நாள்கணக்கா மழையிலயும் காத்துலயும் ஓடுது. போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிஷத்துல அவிழ்க்குறான், கயிறு முழுசா இருக்கு. அந்தப் பையன்கிட்ட அரை மணி நேரம் நின்னு கத்துக்கிட்டா ஆயுசுக்கும் போதும். இவனுங்க அதுக்கு நிக்க மாட்டானுங்க. கத்துக்க வேண்டிய ஒண்ணை வாங்கி முடிச்சிடலாம்னு ஒரு நினைப்பு.

டைனீமாங்கிற செயற்கை இழை மாதிரி வழவழப்பான கயித்துல புருசிக்கே வழுக்கும், அங்க அளவுக்குப் பொருந்துற டென்ஷனர் உதவும்தான். குளிர்ல விரல் மரத்துப்போற இடத்துல கொக்கி சுலபம்தான். ஒத்துக்கிறேன். ஏற்காட்டுல உங்களுக்கு விரல் மரத்துப்போச்சா?

இன்னொண்ணும் பண்ணியிருக்கான். அந்த 2 மில்லிமீட்டர் கயித்துல ஒரு ஓரத்தை மிளகுக் கொடி ஏறுன மரத்துல நேரா சுத்தியிருக்கான், சாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. பாரம் இழுக்க இழுக்க கயிறு கொடிக்குள்ள இறங்கி, பச்சைத் தண்டு நசுங்கித் தண்ணி கசியுது. காலையில தோட்டக்காரர் வந்து பார்த்துட்டு அதைத் தடவிக்கிட்டே நின்னாரு. "இந்தக் கொடி காய்க்க ஆரம்பிச்சே இந்த வருசம்தாங்க"ன்னாரு. அவர் திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல. ஒரு கால் பணம் கூடக் கேக்காம இடம் கொடுத்த மனுசன். எல்லாருக்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேக்குறேன், இவன் அந்தப் பக்கம் டென்ஷனரைத் துடைச்சுப் பைக்குள்ள போடுறான். கிடைச்சிருச்சாம்!

அது கூடப் போகட்டும்யா. சரி, நனைஞ்சது நனைஞ்சாச்சு, சூடா ஒரு காப்பி குடிப்போம்னு அடுப்புப் பக்கம் போனா, இன்ஸ்டன்ட் பாக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டு இருக்காங்க. சுத்தி நாலா பக்கமும் காப்பிச் செடி, கொத்துக் கொத்தாக் காய், தோட்டக்காரர் வீட்டுல அவங்களே வறுத்து அரைச்ச பொடி இருக்கு, கேட்டா கொடுப்பாரு. இங்க உட்கார்ந்து சாஷே காப்பி! யாருய்யா அதை வாங்கிட்டு வந்தது?