அவர் பொய் சொல்ல மாட்டார், சரி. அப்புறம்?

போன வாரம் ஒரு நண்பரோடு ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். விஷயம் பழையதுதான். அடுத்தவர் மனதில் ஓடுவதைப் படிப்பது, நடக்கப்போவதை முன்னாலேயே உணர்வது, எங்கோ இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது, இதெல்லாம் உண்டா இல்லையா. அவர் உண்டு கட்சி, நான் இல்லை கட்சி. தன் பெரியம்மா கனவில் கண்டது பின்னால் நடந்திருக்கிறது என்பதுதான் அவருடைய ஆதாரம். கடைசியில் ஒன்று கேட்டார், கேட்டுவிட்டு இனி உன்னால் வாயைத் திறக்க முடியாது என்பதுபோல் பார்த்தார். "எங்க பெரியம்மா இதுக்காக யார்கிட்டயும் பத்துப் பைசா வாங்கினதில்ல. அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்?"

பெரியம்மா பொய் சொல்லவில்லை. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த ஒரு கேள்விதான் இந்த விவாதத்தையே கெடுத்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். யாராவது அசாதாரணமாக ஒன்றைச் சொன்னதும் நாம் அவருடைய குணத்தை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். நல்லவரா, காசு வாங்குகிறாரா, படித்தவரா. நல்லவர் என்று தெரிந்துவிட்டால் போதும், அவர் சொன்னதெல்லாம் நடந்ததாகிவிடும். மறுக்கிறவன் ஒரு நல்ல மனுஷியைப் பொய்க்காரி என்று சொன்ன பாவியாகிவிடுவான்.

ஜெர்மனியில் 1900-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். வளர்த்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், கணக்கு வாத்தியார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அவரும் காசு வாங்கியதில்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்கிற உளவியல்காரர் பொறுமையாகச் சோதித்து 1907-இல் எழுதினார்: கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை, கேட்கிறவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தாலும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணுக்கு வந்ததும் கேட்கிறவரின் தலை நூலளவு அசைகிறது, உடம்பு தளர்கிறது, குதிரை அதைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறது. எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருவது. ரகசியத்தைக் கண்டுபிடித்தவரே தானே கேள்வி கேட்கும்போது அந்த அசைவை அடக்க முடியாமல் தவித்திருக்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. வாத்தியார் ஏமாற்றவில்லை, குதிரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்தக் குதிரைக்குக் கணக்குத் தெரியாது.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும், ரே ஹைமன். பின்னாளில் அமெரிக்காவில் உளவியல் பேராசிரியர், மனோசக்தி ஆராய்ச்சிகளை வரிவரியாகப் பிரித்து விமர்சித்தவர். ஆனால் பதின்ம வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். சும்மா பிழைப்புக்காகத் தொடங்கியது, வந்தவர்கள் எல்லாம் "அப்படியே சொல்றீங்களே" என்று சொல்லச் சொல்ல, ரேகையில் ஏதோ இருக்கிறது என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். அப்போது ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடை வித்தைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: ஒருமுறை ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பாரேன். சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் முன்பு போலவே அசந்துபோனார்கள். நேர்மாறாகச் சொல்லியும் பலிக்கிறது என்றால் பலன் வருவது ரேகையிலிருந்து இல்லையே. அந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இருந்திருந்தால் ஹைமன் கடைசிவரை ரொம்ப நேர்மையான கைரேகை நிபுணராகவே வாழ்ந்து முடித்திருப்பார்.

சரி, புத்தகக் கதை போதும். நான் நேரில் பார்த்த ஒன்று.

என் தோழி ஒருத்திக்கு அப்பா தவறி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. இறந்தவர்களோடு பேசுவார் என்று பெயர் வாங்கிய ஒருவரைப் பார்க்கப் போனாள், துணைக்கு நான். பிறகு கேட்க வேண்டும் என்று என் போனில் பதிவு செய்யச் சொன்னாள், அவரும் ஆட்சேபிக்கவில்லை. மென்மையாகப் பேசுகிற மனிதர், பார்த்ததும் மரியாதை வந்தது. வெளியே வந்தபோது அவள் முகமெல்லாம் கண்ணீர். "அப்பா பேரைச் சொல்லிட்டார்டா. நெஞ்சு வலியைச் சொல்லிட்டார். அந்த வாட்ச்சைச் சொல்லிட்டார்." எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் சொன்னதாகத்தான் எனக்கும் ஞாபகம். இதைக் கவனியுங்கள், நானும் அதே அறையில்தான் இருந்தேன், அதுவும் நம்பாதவனாக.

இரவு பதிவைக் கேட்டேன். அவர் முதலில் சொன்னது: "வயசுல மூத்தவர் ஒருத்தர் வர்றார்... ஆண்... அப்பா ஸ்தானம், இல்ல தாத்தா..." அவள்: "அப்பா!" அவர்: "ஆமா, அப்பாதான். பேர்ல ஒரு 'ர' சத்தம் கேக்குது..." முழுப் பெயரையும் அவளே சொல்கிறாள். (நம்மூர்ப் பெயர்களில் 'ர' இல்லாததைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.) "இந்த மேல்பாகத்துல ஒரு பாரம்..." என்கிறார். நெஞ்சு என்ற சொல் அவள் வாயிலிருந்துதான் வருகிறது. வாட்ச்? "அவர் தினமும் தொட்ட ஒரு பொருள் உங்க வீட்டுல இருக்கு" என்கிறார், அவ்வளவுதான். தினமும் தொட்ட பொருள் இல்லாமல் எந்த அப்பா போகிறார்? இடையில் ஒரு தம்பியைப் பற்றிக் கேட்கிறார், அவளுக்குத் தம்பி இல்லை. தண்ணீர் சம்பந்தமான ஒரு பயணம் என்கிறார், இல்லை என்கிறாள். இந்தத் தப்பெல்லாம் வெளியே வரும்போது எங்கள் இருவர் ஞாபகத்திலும் இல்லை, சுத்தமாகத் துடைத்தாயிற்று.

அந்த மனிதர் திட்டமிட்டு ஏமாற்றினாரா? எனக்குத் தெரியாது, உண்மையிலேயே தெரியாது. ஹைமனைப் போல, எதிரே இருப்பவர்களின் "ஆமா, ஆமா"வைக் கேட்டுக் கேட்டுத் தன்னையே நம்பியவராக இருக்கலாம்.

அம்மாவை நினைத்தேன், உடனே போன் அடித்தது என்கிற கதையும் இதே ரகம்தான், அதில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதில்லை. நினைத்தும் அடிக்காத ஆயிரம் தடவைக்கு யாரும் கதை வைத்திருப்பதில்லை. நம்பாவிட்டால் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். ஆனால் நினைத்ததும் எழுத வேண்டும், போன் வந்த பிறகு இல்லை.

அப்படியென்றால் படித்தவர்கள், ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் ஏமாற மாட்டார்களா? அவர்கள்தான் இன்னும் அழகாக ஏமாறுகிறார்கள். 1979-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, மனோசக்தியை ஆராய 5 லட்சம் டாலர் நன்கொடை வந்தது. ஜேம்ஸ் ராண்டி என்கிற மாயவித்தைக்காரர் இரண்டு இளம் வித்தைக்காரர்களை, மனதால் கரண்டியை வளைப்பவர்கள் என்று அங்கே அனுப்பிவைத்தார். எதிலெதிலெல்லாம் ஏமாறலாம் என்று பட்டியல் போட்டு, உதவிக்கும் வருகிறேன் என்று ஆய்வுக்கூடத்துக்கு முன்கூட்டியே கடிதமும் எழுதியிருந்தார். பையன்கள் செய்தது என்ன? கரண்டிகளை அடையாளம் வைக்க ஆய்வுக்கூடத்தார் அவற்றில் நூலால் சீட்டு கட்டியிருந்தார்கள், இவர்கள் ஒரு கரண்டியின் சீட்டை இன்னொன்றுக்கு மாற்றிவிட்டார்கள். திரும்ப அளந்தால் வளைவின் அளவு மாறிவிட்டதல்லவா, அதிசயம்! நீங்கள் வித்தை காட்டுகிறீர்களா என்று நேராகக் கேட்டால் உடனே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ராண்டி போட்ட நிபந்தனை. 1983-இல் அவரே வெளியே சொல்லும்வரை யாரும் அதைக் கேட்கவில்லை. ஆய்வை நடத்தியவர் இயற்பியல் படித்தவர், அவருக்கு இயற்கையோடு பழகித்தான் பழக்கம். எலக்ட்ரான் யாரையும் ஏமாற்ற முயற்சி செய்வதில்லை.

அதே ராண்டி, சோதனையில் சக்தியை நிரூபித்தால் 10 லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தது பலருக்குத் தெரியும். 2015-இல் அந்தப் பரிசை நிறுத்தும்வரை ஒருவர்கூட முதல்கட்டத் தேர்வைத் தாண்டவில்லை. இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்ற பகுத்தறிவாளர் இதேபோல் அறிவித்த 1 லட்சம் ரூபாயும் அப்படியே கிடந்தது. "உண்மையான சக்தி உள்ளவங்க காசுக்கு வர மாட்டாங்க" என்பார்கள். ஆனால் வந்தவர்கள் நிறையப் பேர். அதிலும் குச்சியை வைத்து நிலத்தடி நீர் பார்ப்பவர்கள் முழு நம்பிக்கையோடு வந்தார்கள், சோதனைக்கு முன் விதிமுறைகள் சரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள், தோற்ற பிறகு அன்றைக்கு ஏன் பலிக்கவில்லை என்று காரணம் தேடினார்கள். பொய்யர்களாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் டாரில் பெம் என்ற மதிப்புமிக்க உளவியல் பேராசிரியர், 9 சோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார், வருங்காலத்தை மனிதர்கள் லேசாக உணர்கிறார்கள் என்று. ஒரு சோதனையில் வெறும் ஊகத்தால் 50 சதவீதம் சரியாக வர வேண்டிய இடத்தில் 53.1 வந்திருந்தது. கட்டுரையைப் போட்டது ஒரு முன்னணி உளவியல் இதழ். வேறு சிலர் அதே சோதனையைத் திரும்பச் செய்து ஒன்றும் வரவில்லை என்று எழுதி அனுப்பினால், அந்த இதழ் பழைய சோதனையைத் திரும்பச் செய்த கட்டுரைகளைப் போடுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. அப்புறம்தான் உளவியல்காரர்கள் பதறினார்கள். ஏனென்றால் பெம் பயன்படுத்தியது அவர்கள் எல்லோரும் அன்றாடம் பயன்படுத்திய அதே முறை. அந்த முறையில் வருங்கால உணர்வே நிரூபணமாகிறது என்றால், அதே முறையில் தாங்கள் நிரூபித்த மற்றதெல்லாம் என்ன கதி? ஆவி பிசாசு என்றால் சிரிக்கிற கூட்டத்தின் சொந்த வீட்டிலேயே ஓட்டை.

அதனால்தான் எனக்கு சூசன் பிளாக்மோர் மேல் தனி மரியாதை. 1970-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவியாக இருந்தபோது தன் உடலை விட்டு வெளியே மிதந்ததுபோல் ஓர் அனுபவம். உலகத்துக்கு நிரூபித்துக் காட்டுகிறேன் என்றுதான் ஆராய்ச்சியில் இறங்கினார். வருடக்கணக்கில் சோதனை மேல் சோதனை, ஒன்றிலும் ஒன்றும் வரவில்லை. கடைசியில், எனக்கு நடந்த அனுபவம் நிஜம், அதற்கு நான் கொடுத்த விளக்கம்தான் தப்பு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். நண்பரின் பெரியம்மாவுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். அவர் கண்ட கனவை நான் மறுக்கவில்லை. அடுத்த கனவை, நடப்பதற்கு முன்னால், தேதி போட்டு எழுதி யாரிடமாவது கொடுத்து வைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். நண்பரிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்குப் பரீட்சை வைக்கச் சொல்றியா?" என்று கோபித்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் போனில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, 41 நிமிடம். தோழிக்கு நான் அதை இதுவரை அனுப்பவில்லை. ஒருநாள் அழைத்தபோது ஏதோ பேச்சில் கேட்டாள், "அப்பா பேரை அவர் சொல்ற இடம் இருக்குல்ல, அதை மட்டும் கட் பண்ணி அனுப்பேன்." தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.