நாலு மணி நேரமாம், நாலு மணி நேரம்!

"சிங்கப்பூர் என்ன அமெரிக்காவா? நாலு மணி நேரம்தானே!" இனி யாராவது என்னிடம் இப்படிச் சொன்னால், பெரியவர் சின்னவர் என்று பார்க்க மாட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டு அளந்தால் சுமார் 3,000 கிலோமீட்டர். விமானம் பறக்கிற நேரம் நாலு மணி, கூட ஐந்து நிமிடம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சாங்கி விமான நிலைய ஓடுபாதையிலா குடியிருக்கிறேன்? சிங்கப்பூரின் வடகோடியில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். அக்கா வீடு திருச்சி விமான நிலையத்து வாசலிலா இருக்கிறது? அறந்தாங்கியையும் தாண்டிப் போக வேண்டும்.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். நான் ஒரே தாய்மாமன். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. முதல் நாள் மாலைதான் வேலையிலிருந்து விட்டார்கள். டிக்கெட்டில் புறப்பாடு 20:40, வருகை 22:15. அதைப் பார்த்துவிட்டு மாமா, "ஒன்றரை மணி நேரத்துலயே வந்துருவியா மாப்ளே!" என்கிறார். இரண்டும் அந்தந்த ஊர் நேரம் மாமா, நடுவில் இரண்டரை மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்று எத்தனை தடவைதான் விளக்குவது?

மாலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். எம்ஆர்டி ரயிலில் ஒன்றரை மணி நேரம். பெட்டி போட வரிசை. அப்புறம் பலகையில் 'தாமதம்' என்று வந்தது. ஒரு மணி நேரம் என்றார்கள், மூன்று என்றார்கள், கடைசியில் ஐந்தரை மணி நேரம். காரணம் கேட்டால் பதில் இல்லை, ஒரு தண்ணீர் போத்தல் கொடுத்தார்கள். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய தோட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சின்னச் சிவப்புப் பையில் இரண்டு தோடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திருச்சியில் இறங்கும்போது அங்கே மணி மூன்றே முக்கால். குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு எல்லாம் முடிந்து வெளியே வர ஐந்தே கால். புதுக்கோட்டை தாண்டும்போதே விடிந்துவிட்டது. அக்கா போன் மேல் போன். ஏழரைக்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

எட்டு மணிக்கு வாசலில் போய் நிற்கிறேன். பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். பிள்ளை காதில் ஆசாரி கோத்த தங்கக் கம்பி, கன்னத்தில் காய்ந்த கண்ணீர். என் தோடு என் பையிலேயே இருக்கிறது. அப்போதுதான் ஒரு சித்தப்பா, "நாலு மணி நேரத்துல வர்ற ஊரு, ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

பதினெட்டு மணி நேரம் சித்தப்பா! வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியது வரை பதினெட்டு மணி நேரம். விமானம் சொன்ன நேரத்துக்கே கிளம்பியிருந்தாலும் பன்னிரண்டரை ஆகியிருக்கும். அந்த ஒரு நாள் முன்னாடி லீவு கேட்டும் கிடைக்காமல்தான் அந்த விமானத்தைப் பிடித்தேன். தூரத்தைக் கேட்கிறவர்கள் இனி அறந்தாங்கியிலிருந்து உட்லண்ட்ஸ் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்கிறேன்.