காலைப் பட்டியலில் ஆந்தை எப்படி வரும்?

நகரத்து ஆந்தைகளைப் பற்றிப் பொதுமக்கள் தரும் பதிவுகளிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் (eBird) நாம் போடும் பறவைப் பட்டியல்கள் பெரும்பாலும் காலை நடையில் எடுத்தவை. அந்த நேரத்தில் கூகை என்ற ஆந்தை ஏதாவது பழைய கட்டடத்து மாடத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். பதிவு இல்லை என்பதை ஆந்தையே இல்லை என்று படித்துவிடக் கூடாது.

நான் தாம்பரம் பக்கம் இருக்கிறேன். மூன்று வருடமாக வாரம் ஒரு நாள், இருட்டியதும் மொட்டை மாடியில் 15 நிமிடம் நின்று கேட்டுக் குறித்துவைக்கிறேன். எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தைகள் இருந்தன. போன வருடம் சாலையை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டினார்கள். அதன்பின் அந்தக் கிறீச்சிடலைக் கேட்கவே இல்லை. சத்தம் வராத நாட்களையும் விடாமல் பதிவேற்றுகிறேன். எப்போது போயின என்பதை அந்த வெறும் நாட்கள்தான் காட்டும். புள்ளி ஆந்தை தானே பொந்து குடையாது, வயதான மரமோ சுவர் ஓட்டையோ வேண்டும். பதிலுக்கு நட்ட கன்றுகளில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்பவர்கள் தயவுசெய்து இரவிலும் ஒரு பட்டியல் போடுங்கள். அப்புறம், ஆந்தைக் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடவும் வேண்டாம். தீபாவளி சமயத்தில் பூசைக்கென்று ஆந்தை பிடிப்பவர்கள் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.