அம்மா ஏன் குளிசையை நிறுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை

அம்மாவுக்குப் பிரஷர் என்று எனலாப்ரில் என்ற குளிசையை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் இருமல் தொடங்கியது. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, வெறும் வறட்டு இருமல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். பாணி மருந்து மூன்று போத்தல் முடிந்தது. நெஞ்சுப் படமும் எடுத்தோம், அதில் ஒன்றும் இல்லை. கோணேசர் கோயிலில் எல்லாரும் தேவாரம் பாடும்போது தான் மட்டும் இருமிக்கொண்டு நிற்கிற வெட்கத்தில், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதையே அம்மா விட்டுவிட்டார்.

அப்புறம் இருமல் நின்றது. எங்களுக்கெல்லாம் நிம்மதி. அடுத்த கிளினிக்கில் பிரஷர் 180க்கு மேல். வீட்டுக்கு வந்து பார்த்தால், அலுமாரியில் சேலைக்கு அடியில் குளிசைகள் கடதாசிப் பையோடு அப்படியே இருந்தன.

கிளினிக்கில் அம்மாவுக்கு நல்ல ஏச்சு. "பாரிசவாதம் வந்து படுத்தால்தான் விளங்கும்" என்றார்கள். ஏன் நிறுத்தினீங்கள் அம்மா என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நானும் ஏசினேன். அதை நினைத்தால் இன்னும் மனம் குத்துகிறது.

பிறகு வேறொரு டொக்டர்தான் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இருமல் இருந்ததா?" என்று கேட்டார். பிரஷரை ஏற்றுகிற ஒரு நொதியைத் தடுத்துத்தான் எனலாப்ரில் வேலை செய்கிறது. அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. உடம்பில் ஊறுகிற பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பதும் அதுதான். உடைக்க ஆள் இல்லாவிட்டால் அது சேர்ந்து மூச்சுக் குழாயை உறுத்தும், இருமல் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. 1980களிலிருந்தே மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம் இது. இந்த நொதியைத் தொடாமல் பிரஷரைக் குறைக்கிற லோசார்டான் 1995இலேயே பாவனைக்கு வந்துவிட்டது. அதற்கு மாற்றிக் கொடுத்தார். இருமல் திரும்பி வரவில்லை.

அம்மா தன் உடம்பைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். குளிசைக்கும் இருமலுக்கும் உள்ள தொடர்பை எங்கள் எல்லாரையும் விட முதலில் பிடித்தவர் அவர். அதைச் சொல்ல ஓர் இடம் கிடைக்காததால்தான் இரகசியமாக நிறுத்தினார். ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்தியது ஆபத்து, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "படிப்பறிவு இல்லாததுகள், சொன்னபடி மருந்து எடுக்காதுகள்" என்ற பேச்சைக் கேட்கும்போது கோபம் வருகிறது. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. அங்கே படிப்புக்கு என்ன குறை?

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா சந்தையில் மரக்கறி விற்கிறார். அவருக்கு மூத்திரம் போக வைக்கிற பிரஷர் குளிசை, காலையில் எடுக்கச் சொல்லி. காலை ஐந்து மணியிலிருந்து மதியம் வரை கடையை விட்டு எழும்ப முடியாது, ஒதுங்கவும் இடமில்லை. அதனால் சந்தை நாட்களில் குளிசையும் இல்லை. நான் வற்புறுத்தியதால் டொக்டரிடம் சொன்னார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள் என்று ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டார். பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. பிரஷர் குளிசையைக் காலையில் எடுத்தாலும் மாலையில் எடுத்தாலும் மாரடைப்பு, பாரிசவாதம், மரணம் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை என்று அதில் கண்டார்கள். அவரவர் வசதிப்படி எடுக்கலாம் என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. நோயாளியின் விருப்பத்துக்கு இடம் கொடுத்தால் மருந்து கெட்டுப்போகாது.

கிளினிக்கில் நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள், டொக்டருக்கு நேரமில்லை, தெரியும். ஆனாலும் "இந்தக் குளிசை உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்க எவ்வளவு நேரம் வேண்டும்? மருந்து கொடுக்கிற ஜன்னலில் நிற்பவர் கேட்டாலும் போதுமே.

இப்போது அம்மாவுக்கு அம்லோடிபினும் சேர்த்திருக்கிறார்கள். போன கிழமையிலிருந்து பின்னேரமானால் கணுக்கால் வீங்குகிறது, செருப்பு வார் இறுகுகிறது. அந்தக் குளிசைக்கு அப்படி வருவதுண்டு. இந்தமுறை அம்மா ஒளிக்கவில்லை, என்னிடம் சொன்னார். எந்தக் குளிசை, எந்தத் திகதியிலிருந்து வீக்கம், எந்த நேரத்தில் கூடுகிறது என்று கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக்.