அது சீன் இல்லை

முந்தாநாள் நம்ம கோத்தகிரி வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டு வீட்டையே மிரட்டுது, எல்லாம் சீன்" என்கிறார் ஒருவர். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அது சீன் இல்லை. என் சித்தி மகளுக்கு பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் என்ற, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிக்க வைக்கும் மனநோய் இருக்கிறது. கூடவே இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். நமக்கு வரும் அதே கோபம், அதே அவமானம், அதே தனிமைதான். அவளுக்குச் சட்டென்று ஏறும், இறங்க வெகுநேரம் ஆகும். இந்தத் தவிப்பு எப்படியாவது அடங்கினால் போதும் என்றுதான் பலர் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். அதையும் பெரும்பாலும் மறைத்துத்தான் செய்கிறார்கள். அப்புறம் அதை நினைத்து வெட்கம். அந்த வெட்கமே மறுபடி அங்கே தள்ளுகிறது. அதைத்தான் உங்கள் கேலி கூட்டுகிறது.

"செல்லம் கொடுத்தால் பழகிவிடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். வலி நிஜம் என்று ஒத்துக்கொள்வது செல்லம் இல்லை அண்ணா, சிகிச்சையே அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் இந்த நோய்க்காக உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையில் 'உன் தவிப்பு புரிகிறது' என்பதும் உண்டு, 'ஆனாலும் நீ மாற வேண்டும்' என்பதும் உண்டு. இளவயதில் தானும் இப்படித் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு தவித்ததாக 2011-இல் வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

தவிப்பு ஏறும்போது சித்தி மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் சில நொடி முகத்தை அமிழ்த்துவாள். இதயத்துடிப்பு தணியும். (இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.) மார்கழிக் குளிரில், விறைத்த கையோடு பேசினில் அவள் குனிந்து நிற்க, சித்தி துண்டோடு பக்கத்தில் நிற்பார். இதுவா சீன்?

மாத்திரை போட்டால் சரியாகாதா என்கிறீர்கள். இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை கிடையாது. பேச்சு சிகிச்சைதான் முக்கியம். அதற்காக வாராவாரம் மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, கோவைக்குப் போகிறாள்; அன்றைய கூலியும் போய்விடும். சீன் போட இவ்வளவு பாடுபட வேண்டுமா?

ஒரு ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து போடும்போதே "உனக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்டார்கள். இனிமேல் காயம் பட்டால் யாரிடமும் காட்ட மாட்டேன் என்றாள். எங்கள் பயமே அதுதான். காட்டினால்தானே காப்பாற்ற முடியும்?

யாருக்காவது இப்போதே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், இலவசம். என் இன்பாக்ஸும் திறந்தே இருக்கிறது. வாதாட மட்டும் வராதீர்கள்.