சிகாகோவில் விடிந்த பிறகும் குளிர் இறங்கும்

நிகழ்வுகள் நடக்குமா என்று பணம் கட்டும் அமெரிக்கச் சந்தையான கால்ஷியில், சிகாகோவின் அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலைக்குப் பணம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடியற்காலை அளவே அன்றைய குறைந்த அளவு என்று நம்பி, காலை ஏழு மணிக்கு 97 சென்ட் கொடுத்து ‘ஆம்’ ஒப்பந்தம் (கணிப்பு சரியானால் ஒரு டாலர், தவறினால் ஒன்றுமில்லை) வாங்கும் பழக்கத்தை விடுங்கள்.

சூரியன் வந்துவிட்டது, இனி ஏறத்தானே செய்யும் என்ற நினைப்புதான் அந்த விலை. ஒப்பந்தம் பார்ப்பதோ நாள் முழுவதற்குமான தாழ்ந்த அளவை. பிற்பகலில் வடமேற்கிலிருந்து குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வந்தால் இரவு பதினொன்றரைக்கு வெப்பநிலை விடியற்காலை அளவையும் தாண்டி இறங்கலாம். 100 ஒப்பந்தத்தை 97 சென்ட்டில் வாங்கினால் கட்டணம் சுமார் 20 சென்ட் போக கையில் நிற்பது 2.80 டாலர். ஒரு முறை தோற்றால் அதை மீட்க ஏறத்தாழ 35 வெற்றி வேண்டும். அடுத்த இரவுக்கான மணிவாரிக் கணிப்பைப் பார்க்காமல் இதில் இறங்குவது சரியே அல்ல.

அடுத்தது கடிகாரம். யாருக்குப் பணம் என்று தீர்மானிப்பது அமெரிக்க வானிலைச் சேவை சிகாகோவின் மிட்வே விமான நிலையத்துக்கு வெளியிடும் தினசரி காலநிலை அறிக்கைப்படிதான். நகரின் இன்னொரு விமான நிலையமான ஓஹேரின் அளவு செல்லாது. அந்த அறிக்கை ஆண்டு முழுக்க நிலையான நேரத்தையே பின்பற்றும். மார்ச் முதல் நவம்பர் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால், அங்கே ‘நாள்’ என்பது இரவு 1:00 மணி முதல் மறுநாள் இரவு 12:59 வரை. நள்ளிரவு 12:30க்குப் பதிவாகும் குளிர் முந்தைய நாள் கணக்கில் சேரும்.

பலரும் ஏமாறுவது விமான நிலையக் கருவி ஐந்து நிமிடத்துக்கொருமுறை அனுப்பும் அளவுகளில். கருவி பாரன்ஹீட்டில் அளந்ததை முழு செல்சியஸாக்கி அனுப்புகிறது. இணையதளங்கள் மறுபடி பாரன்ஹீட்டாக்கிக் காட்டுகின்றன. திரையில் 30 என்று தெரிந்தால் அனுப்பப்பட்டது மைனஸ் 1. உண்மை அளவு 30ஆகவும் இருக்கலாம், 31ஆகவும் இருக்கலாம், முழு செல்சியஸாக்கினால் இரண்டுமே மைனஸ் 1 தான். பணம் போடும் வெப்பநிலைக் கட்டங்கள் 29–30, 31–32 என்று பிரிந்திருக்கும் நாளில் இந்த ஒரு டிகிரிதான் முழுப் பணமும். அதனால் மணிக்கு ஒருமுறை 53ஆம் நிமிடம் வரும் மெட்டார் என்ற விமான நிலைய வானிலைக் குறிப்பைப் படியுங்கள். அதில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் இலக்கத் தொகுதி செல்சியஸில் பத்தில் ஒரு பாகம் வரை துல்லியம். ஆறு மணி நேரத்துக்கொருமுறை 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் தொகுதி அந்த இடைவெளியின் குறைந்த அளவையே தரும்: 21006 என்றால் (2-க்கு அடுத்த 1 மைனஸ் குறி, 006 என்பது 0.6) மைனஸ் 0.6 செல்சியஸ், அதாவது 31 பாரன்ஹீட்.

ஏரியைப் பொறுத்தவரை காற்றின் திசையே முக்கியம். டிசம்பரில் ஊரை ஒட்டிய மிச்சிகன் ஏரி நிலத்தைவிடக் கதகதப்பு. வடகிழக்குக் காற்று குளிரை இறங்கவிடாது. ஏப்ரலில் அதே காற்று பிற்பகலிலேயே வெப்பத்தைச் சட்டென்று இறக்கும். காற்றில்லாத தெளிந்த இரவில் மிட்வேயைச் சுற்றிய வீடுகளும் தார்ச்சாலையும் வெப்பத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், புறநகர் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நிலையத்தின் பெயரையும் நாள் தொடங்கும் மணியையும் விலைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் காட்டும்படி இந்தச் சந்தையைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும். விதிப் பக்கத்தைத் தேடிப் போய்ப் படிப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.